பிள்ளையின் பங்கை மன்னிக்க நாம் யார்?

 

 

இன்றைய நற்சிந்தனையை ஒரு வீட்டு முற்றத்திலிருந்து ஆரம்பிக்க விரும்புகின்றேன். இது குறித்த ஓர் ஊரில் நடந்த சம்பவமன்று. எமது ஊர்களில் எங்கும் நடக்கக்கூடிய ஒன்று. ஆகவே உங்கள் ஊரையே மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஸுப்ஹுத் தொழுகை முடிந்து சந்தைக்குச் சென்ற ஒரு தகப்பன் வீதியில் லொறி மோதி மரணித்துவிடுகின்றார். ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. லொறியின் உரிமையாளர் ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வருகின்றார். உண்மையாகவே அவர் கவலையோடுதான் வருகின்றார். “நடந்தது அல்லாஹ்வின் நாட்டம், சாரதியும் பிள்ளைகுட்டிக்காரன், மன்னித்துவிடுங்கள்” என்கிறார். முற்றத்துக் கதிரையில் இரண்டு இலட்சம் ரூபா வைத்த உறையொன்றும், தட்டெழுத்தில் அச்சிட்ட கடதாசியொன்றும் வைக்கப்படுகின்றன. இத்தாவில் இருக்கும் அந்தத் தாய் திரைக்கு அப்பால் அழுதுகொண்டிருக்கின்றாள். பெரியவர்கள் சொல்வதை மறுக்கும் நிலையில் அவள் இல்லை. கடதாசி உள்ளே செல்கின்றது, கையொப்பத்துடன் வெளியே வருகின்றது. எதிர்காலத்தில் மனைவியோ பிள்ளைகளோ எந்த உரிமையும் கோரமாட்டார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும் வாசகத்தின் சாரம்.

அவ்வேளை ஒன்பது வயது மகன் கிணற்றடியில் நிற்கின்றான். நான்கு வயது மகள் பெரியம்மாவின் மடியில் உறங்குகின்றாள். அவர்களுடைய பெயரும் அந்தக் கடதாசியில் இருக்கின்றது. அவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் வயது அவர்களுக்கில்லை.

சலாம் சொல்லி, துஆச் செய்து, எல்லோரும் கலைந்து செல்கின்றனர். நல்ல காரியம் ஒன்று முடிந்தது என்ற திருப்தி அனைவருக்கும். அன்புக்குரியவர்களே! அங்கு நடந்தது நல்ல காரியந்தானா?

மன்னிப்பு மிக உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கான ‘தியத்’ எனும் நட்டஈட்டைப் பற்றிப் பேசும் சூறத்துந் நிஸாவின் 92ஆம் வசனம், அதனை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு பணிக்கின்றது. அவர்கள் அதனைத் தர்மமாக விட்டுக்கொடுப்பதற்கும் வழி திறக்கின்றது. ஆனால், விட்டுக்கொடுக்கும் உரிமை யாருக்கு? அந்தப் பொருளுக்கு உரியவருக்கு மாத்திரமே. என் பையில் உள்ள பணத்தை நான் தர்மம் செய்யலாம். அடுத்தவர் பையில் உள்ளதை எடுத்துத் தர்மம் செய்தால் அதற்குப் பெயர் தர்மமா?

தியத் என்பது மரணித்தவரின் வாரிசுகளுக்குரிய பொருள். அது பராயிழ் பங்கீட்டு முறைப்படியே அவர்களைச் சென்றடையும். ஆரம்பத்தில் உமர் (ரழி) அவர்கள் கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை எனக் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் தியத்திலிருந்து அவருடைய மனைவிக்குப் பங்கு கொடுக்குமாறு நபியவர்கள் தமக்கு எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் இப்னு ஸுஃப்யான் (ரழி) அவர்கள் எடுத்துரைத்ததும், உமர் (ரழி) அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஒரு விதவையின் பங்கை எவரும் விழுங்கிவிடாதபடி கடிதம் எழுதிக் காத்த மார்க்கம் எமது மார்க்கம்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். முன்னர் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு 24 இலட்சம் ரூபா உரியது என வைத்துக்கொள்வோம். மரணித்தவரின் தாய் தந்தையர் முன்னரே மரணித்துவிட்டனர். மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளுமே வாரிசுகள். பராயிழ் முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 இலட்சம். மீதி 21 இலட்சத்தில் மகனுக்கு 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம். அந்தத் தாய் மனமுவந்து மன்னித்தால் அவள் மன்னிக்கக்கூடியது 3 இலட்சத்தை மட்டுமே. மிகுதி 21 இலட்சம் அவளுடையதல்ல. சமரசம் பேச வந்த பெரியவர்களுடையதும் அல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்துடையதும் அல்ல. அது கிணற்றடியில் நின்றவனுக்கும் மடியில் உறங்கியவளுக்கும் உரியது.

எமது நாட்டு நீதிமன்றங்கள் இத்தகைய நட்டஈட்டைப் பராயிழ் விகிதப்படி கணக்கிடுவதில்லை. மரணித்தவரில் தங்கி வாழ்ந்த ஒவ்வொருவரும் இழந்த ஆதரவு எவ்வளவு என்றே அவை நோக்குகின்றன. கணக்கிடும் முறை வேறாக இருப்பினும் அடிப்படை ஒன்றே. பிள்ளையின் உரிமை பிள்ளைக்கே சொந்தம். தாயின் கையொப்பத்துக்குள் அது கரைந்துவிடுவதில்லை.

சகோதரர்களே! பிள்ளையின் பொருளைப் பொறுப்பேற்கும் வலீக்கு ஷரீஅத் ஓர் எல்லையை வகுத்துள்ளது. அநாதையின் பொருளை மிக நல்ல முறையிலன்றி நெருங்கவும் வேண்டாம் என்று சூறத்துல் அன்ஆமின் 152ஆம் வசனமும், சூறத்துல் இஸ்ராவின் 34ஆம் வசனமும் கட்டளையிடுகின்றன. உண்ண வேண்டாம் என்று மட்டும் சொல்லப்படவில்லை. நெருங்கவே வேண்டாம் எனச் சொல்லப்பட்டிருப்பதைச் சிந்தியுங்கள். இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிரசித்தமான நூலாகிய ‘மின்ஹாஜ்’இல், பிள்ளையின் காணியை வலீ விற்பதாயின் தேவையோ தெளிவான இலாபமோ இருந்தாக வேண்டுமென இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். பிள்ளைக்கு நன்மை என்பது தெளிவானால் வலீ இணக்கம் செய்யலாம். ஆனால் பிள்ளையின் உரிமையை இலவசமாக விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வலீக்குக் கிடையாது.

‘நாங்கள் நல்ல மனிதர்கள்தானே, எங்களை நம்பக்கூடாதா?’ எனச் சிலர் கேட்கக்கூடும். இதற்கு அபூதர் (ரழி) அவர்களின் செய்தி போதிய விடையாகும். அன்னாரின் வாய்மையைப் பற்றி ஸஹாபாக்களிடையே இரண்டாம் பேச்சு இருக்கவில்லை. அப்படிப்பட்டவரை நோக்கித்தான் நபி (ஸல்) அவர்கள், தாம் அவரைப் பலவீனராகக் காண்பதாகவும், இருவருக்குக்கூடத் தலைமை ஏற்க வேண்டாமெனவும், அநாதையின் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டாமெனவும் அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது. நல்ல உள்ளம் வேறு. பொருளைக் காத்துக் கணக்குச் சொல்லும் திறன் வேறு. அந்த முற்றத்தில் அமர்ந்திருந்த பெரியவர்களுக்கு நல்ல உள்ளம் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இன்னும் பதினான்கு வருடங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் எனக் கணக்கிட அவர்களுள் எவராவது பேனையைக் கையில் எடுத்தாரா?

அநாதையின் பொருளை உண்பதை அழிவுக்கு இட்டுச்செல்லும் ஏழு பாவங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. அவ்வாறு உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றார் என்று சூறத்துந் நிஸாவின் 10ஆம் வசனம் எச்சரிக்கின்றது. நாம் உண்ணவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். நாம் பெற்றுக்கொடுத்த சலுகையினால் லொறி உரிமையாளரோ காப்புறுதி நிறுவனமோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காது விட்டால், பிள்ளையைப் பொறுத்தமட்டில் இழப்பு ஒன்றுதானே?

அப்படியாயின் யார் தீர்மானிப்பது? ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளையின் பொருளுக்கு முதலாவது வலீ தந்தை. அவருக்குப் பின் தந்தையின் தந்தை. அவர்களுக்குப் பின் அவர்களால் நியமிக்கப்பட்ட ‘வஸீ’. இவர்கள் எவரும் இல்லாதவிடத்துப் பொறுப்பு காழீயை, அதாவது நீதிபதியைச் சாரும். ஆக, பிள்ளையின் பொருள் விடயத்தில் நீதிபதி தலையிடுவது எமக்கு அந்நியமான ஏற்பாடன்று. எமது ஃபிக்ஹ் நூல்களிலேயே அவருக்கு இடம் உண்டு.

இன்று இலங்கையில் காதி நீதிமன்றங்கள் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு முதலிய விடயங்களையே விசாரிக்கின்றன. பிள்ளைக்குரிய நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அங்கு பின்பற்றப்படுவது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பராயமடையாத பிள்ளை தானே வழக்காட இயலாது. அதன் சார்பில் ஒரு பெரியவர் முன்னிற்க வேண்டும். அவர் சித்த சுவாதீனமுள்ளவராகவும், பராயமடைந்தவராகவும், பிள்ளையின் நலனுக்கு முரணான நலன் அற்றவராகவும் இருத்தல் வேண்டும். அந்த வழக்கிலே அவர் எதிர்த்தரப்புடன் இணக்கத்துக்கு வர விரும்பினால் நீதிமன்றின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதியின்றிச் செய்யப்பட்ட இணக்கத்தைப் பிள்ளையின் தரப்பு பின்னர் தள்ளிவிடச் செய்யலாம். மற்றத் தரப்பினர் அதனைப் பிள்ளைக்கு எதிராகப் பற்றிக்கொள்ள முடியாது. தீர்ப்புக்கு முன்னர் பிள்ளைக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்வதற்குங்கூட நீதிமன்றின் அனுமதியும் பிணையும் வேண்டும்.

120 வருடங்களுக்கும் மேலாக இந்நாட்டில் இருந்துவரும் இந்த விதியை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? வழக்கே தொடராமல் முற்றத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ எழுதப்படும் கடதாசி, நீதிபதியின் கண்ணில் படாத கடதாசி. நாளை அது பிள்ளையைக் கட்டுப்படுத்துமா என்ற சர்ச்சையைச் சுமந்துகொண்டே இரு தரப்பினரும் வாழ நேரிடும். நீதிபதியின் அனுமதியைப் பெற்ற இணக்கமோ பணம் கொடுத்தவருக்கும் நிம்மதியைத் தருகின்றது. பத்து வருடங்களின் பின்னர் எவரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் என்ற உறுதி அவருக்கும் கிடைக்கின்றது.

நீதிபதி அங்கு என்ன செய்கின்றார்? வெறுமனே முத்திரை குத்துவது அவருடைய பணியன்று. தகப்பன் எவ்வளவு உழைத்தார்? பிள்ளைகளின் வயது என்ன? காயமடைந்த பிள்ளையாயின் வைத்திய அறிக்கை என்ன சொல்கின்றது? இனியும் சத்திர சிகிச்சை தேவைப்படுமா? கொடுக்கப்படும் தொகை போதுமானதா? அதில் தாய்க்கு எவ்வளவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு? பிள்ளையின் பங்கு எங்கே, எவ்வாறு பாதுகாக்கப்படும்? உணர்ச்சி மேலிட்ட அந்த முற்றத்தில் எவரும் கேட்காத இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கே அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்துள்ளார். பேசத் தெரியாத பிள்ளைக்காகப் பேசும் நாவு அது.

தாய்மார்களே! இதனை உங்கள் மீதான சந்தேகமாக எண்ணிவிடாதீர்கள். கணவனை இழந்த பெண்ணின் தோளில் வீட்டு வாடகையும், கடைக் கடனும், நாளைய சோறும் ஒருசேரச் சாய்கின்றன. அந்த நேரத்தில் இரண்டு இலட்சம் ரூபா பெருந்தொகையாகத் தோன்றுவது இயல்பு. மேலும், அதே நட்டஈட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் பங்கையும் பிள்ளையின் பங்கையும் நீங்களே பிரிப்பது உங்களுக்கே மனச்சுமை. மூன்றாமவர் ஒருவர் நீதியோடு பிரித்துத் தந்தால் நாளை மகனின் முன்னிலையிலும், மறுமையில் அல்லாஹ்வின் முன்னிலையிலும் உங்கள் முகம் வெளிச்சமாக இருக்கும்.

தகப்பன்மார்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உயிருடன் இருக்கும்போதே, உங்களுக்குப் பின் பிள்ளைகளின் பொருளுக்கு யார் வஸீ என்பதை எழுதி வையுங்கள். தகுதியுள்ள தாய் ஏனையோரைவிட அதற்கு ஏற்றவள் என்று மின்ஹாஜிலேயே சொல்லப்பட்டுள்ளது. பலவீனமான பிள்ளைகளை விட்டுச்செல்ல நேர்ந்தால் நாம் எவ்வளவு அஞ்சுவோமோ, அதே அச்சத்தோடு பிறருடைய பிள்ளைகளின் விடயத்திலும் நடந்துகொள்ளுமாறு சூறத்துந் நிஸாவின் 9ஆம் வசனம் எமக்குக் கற்பிக்கின்றது. சமரசம் பேசப் போகும் ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்: மரணித்தது நானாகவும், உள்ளே உறங்குவது என் மகளாகவும் இருந்தால் இந்த உறையை நான் ஏற்பேனா?

சமரசம் செய்துவைப்பது இபாதத் அல்லவா எனக் கேட்கலாம். ஆம், இபாதத்துதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. முஸ்லிம்களுக்கிடையே சமரசம் ஆகுமானது. ஹலாலை ஹராமாக்கும் அல்லது ஹராமை ஹலாலாக்கும் சமரசம் ஆகாது என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. அநாதையின் உரிமையை அவனது அனுமதியின்றிக் கரைத்துவிடும் சமரசம் எந்தப் பக்கத்தில் சேரும்? நீதிமன்றம் செல்வது தவக்குலுக்கு முரண் என எண்ணுவோரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா எமது மார்க்கம்? பிள்ளையின் உரிமையைக் கட்டி வைப்பதும் அப்படித்தான்.

இனி, இன்னொரு சாராரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதால் வளர்ந்தும் தம் அலுவல்களைத் தாமே நடத்த இயலாதவர்கள் எமது குடும்பங்களில் இருக்கின்றார்கள். பிறவியிலேயே விளங்கும் ஆற்றல் குறைந்தோர், விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுவோர், முதுமையில் மறதி நோய்க்கு ஆளானோர் எனப் பலர். கடன் ஒப்பந்தம் பற்றிய சூறத்துல் பகராவின் 282ஆம் வசனம் இவர்களையும் மறக்கவில்லை. விவேகம் குறைந்தவராகவோ, பலவீனராகவோ, தாமே எடுத்துரைக்க இயலாதவராகவோ ஒருவர் இருந்தால், அவருக்காக அவருடைய வலீ நீதியோடு எடுத்துரைக்கட்டும் என அது பணிக்கின்றது. ‘நீதியோடு’ என்ற அந்த நிபந்தனையே முழு விடயத்தினதும் உயிர்நாடி.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்டார். அவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டிருந்ததாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. நபியவர்கள் அவரைச் சந்தைக்கு வரவே வேண்டாம் எனத் துரத்திவிடவில்லை. கொடுக்கல் வாங்கலின்போது ஏமாற்று இருத்தலாகாது என முன்கூட்டியே சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மூன்று நாள் அவகாசம் அளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. எவ்வளவு அழகிய வழிமுறை! அவருடைய கௌரவமும் காக்கப்பட்டது, பொருளும் காக்கப்பட்டது. இயலாத பெரியவரின் சார்பில் செய்யப்படும் இணக்கத்தை நீதிபதி பரிசீலிப்பதும் இவ்வாறானதே. அவரைப் பைத்தியம் என முத்திரை குத்துவதற்கன்று, அவருடைய பலவீனத்தை எவரும் விலைபேசாதிருப்பதற்கே. நாநா சுகமில்லாதவர்தானே, அவருடைய கையைப் பிடித்துப் பெருவிரல் அடையாளத்தை வைத்துவிடலாம் என்று எண்ணும் தம்பிமார் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்.

தொழில் செய்யும் இடத்தில் ஏற்படும் விபத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிலாளி ஒருவர் வேலையின்போது மரணித்தால் அதற்கான நட்டஈட்டைத் தொழில் கொள்வோர் ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். அங்கிருந்தே அது தங்கி வாழ்ந்தோருக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். முதலாளி மரண வீட்டுக்கு வந்து கையில் திணித்துச் செல்லும் பணம் அந்தக் கடமையை நிறைவேற்றியதாக ஆகாது. அரிசி ஆலையிலோ கட்டட வேலையிலோ கணவனை இழந்த சகோதரி ஒருத்தி உங்கள் ஊரில் இருந்தால், இந்த ஒரு செய்தியை அவளிடம் கொண்டுசென்று சேர்ப்பதும் ஸதகாவாகும்.

சரி, நீதியாகத் தொகை கிடைத்துவிட்டது. பின்னர் என்ன? இங்கே சூறத்துல் கஹ்ஃபில் வரும் அந்தச் சுவரை நினைவுகூருங்கள். மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்குச் சென்றார்கள். ஊரார் அவர்களுக்கு உணவளிக்கவும் மறுத்தார்கள். அந்த ஊரிலேயே விழவிருந்த ஒரு சுவரைக் கூலியின்றி நிமிர்த்தி வைத்தார் ஹிழ்ர் (அலை). காரணம், அதன் அடியில் இரண்டு அநாதைச் சிறுவரின் புதையல் இருந்தது. அவர்களுடைய தந்தை ஸாலிஹான மனிதர். அவர்கள் பருவமடைந்து தாமே அதனை வெளியே எடுக்கும்வரை அது மறைந்திருக்க வேண்டுமென அல்லாஹ் நாடினான். சுவர் விழுந்திருந்தால் விருந்தோம்பத் தெரியாத அந்த ஊரார் புதையலை விட்டுவைத்திருப்பார்களா?

பிள்ளையின் பங்கு அதன் பெயரில் வங்கியில் வைக்கப்பட்டு, நீதிமன்றின் கட்டளையின்றி எடுக்க முடியாதிருப்பது ஒரு சுவர். அது பிள்ளையைத் தடுக்கும் சுவரன்று. பிள்ளை வளரும்வரை மற்றவர்களைத் தடுக்கும் சுவர். சகோதரியின் கல்யாணம், சாச்சாவின் வியாபாரம், வீட்டுக்கு மேல்மாடி என ஆயிரம் அவசரங்கள் வரும். ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். சுவர் நிற்கட்டும். பிள்ளையின் கல்விக்கோ சிகிச்சைக்கோ உண்மையிலேயே தேவை ஏற்பட்டால் நீதிமன்றிடம் விண்ணப்பித்துக் காரணம் காட்டலாம்.

இளைஞர்களே! இறுதியாக உங்களிடம் வருகின்றேன். உஹதுப் போரின்போது பதினான்கு வயதாயிருந்த இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கவில்லை. அகழ்ப்போரின்போது பதினைந்து வயதை அடைந்திருந்த அவருக்கு அனுமதி கிடைத்தது. பொருள் விடயத்திலோ பருவமடைதல் மாத்திரம் போதாது. ‘ருஷ்த்’ எனும் விவேகமும் காணப்பட வேண்டும் என சூறத்துந் நிஸாவின் 6ஆம் வசனம் நிபந்தனை விதிக்கின்றது. அநாதைகளைச் சோதித்துப் பார்க்குமாறும், விவேகம் கண்டால் பொருளை ஒப்படைக்குமாறும், அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று அவசரமாக உண்டு தீர்க்க வேண்டாமெனவும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கின்றது. இந்நாட்டில் 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் பராயமடையும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. ஆக, பதினெட்டாவது பிறந்த தினத்தில் உன் தகப்பனின் உயிருக்கு ஈடாக வந்த பணம் உன் கைக்கு வரக்கூடும். அன்று மாலையே மோட்டார் சைக்கிள் கடைக்கு ஓடுவாயாயின், உன்னை அநாதையாக்கிய அதே வீதியில் அந்தப் பணத்தை நீ கரைக்கின்றாய் மகனே!

பெற்றோரும் பாதுகாவலரும் அந்த நாள்வரை காத்திராது பிள்ளையை முன்கூட்டியே பழக்க வேண்டும். மின்சாரப் பட்டியலைக் கட்டிவரச் சொல்லுங்கள். மாதச் சாமான்களின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சிறு தொகை கொடுத்து அதற்குக் கணக்குக் கேளுங்கள். சோதித்துப் பாருங்கள் என்று குர்ஆன் பணிப்பதன் கருத்து இதுவே.

எமது ஊர்களில் இத்தகைய துயரம் நேரும்போது செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, அழுகை ஓயும்வரை எந்தக் கடதாசியிலும் கையொப்பம் இடாதிருங்கள். அடக்கச் செலவுக்கென உதவி வந்தால் அதனை உதவியென்று மட்டும் எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு, வைத்திய அறிக்கை, மரண அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தகப்பனின் வருமானச் சான்று ஆகியவற்றை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். மூன்றாவது, சாரதிக்கு எதிரான குற்ற வழக்கு வேறு, பிள்ளையின் நட்டஈட்டு உரிமை வேறு என்பதை மறவாதீர்கள். சாரதியை மன்னிக்கலாம், அவ்வாறு மன்னிப்பதனால் பிள்ளையின் உரிமையை விட்டுவிட வேண்டியதில்லை. வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே. நான்காவது, தாமதியாது சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள். இத்தகைய வழக்கைப் பொதுவாக இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும். வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உதவுகின்றது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் சமரசம் பேசுவதோடு நின்றுவிடாது, அந்தத் தாயை அழைத்துச் சென்று அதன் அலுவலகப் படியில் ஏற்றிவிடுவார்களாயின், அதுவே உண்மையான உதவி.

அன்புக்குரியவர்களே! அந்த முற்றத்துக்கு மீண்டும் ஒரு தடவை செல்வோம். ஒன்பது வருடங்கள் கழிந்துவிட்டன. கிணற்றடியில் நின்ற சிறுவன் இன்று பதினெட்டு வயது வாலிபன். பல்கலைக்கழகம் செல்ல வழியின்றி அலுமாரியைத் துழாவுகின்றான். பழுப்பேறிய அந்தக் கடதாசி அவன் கையில் கிடைக்கின்றது. வாசிக்கின்றான். தாயிடம் வந்து, “உம்மா, இதில் என் பெயர் இருக்கின்றதே! யார் என்னிடம் கேட்டது?” என்கின்றான். அந்தத் தாயிடம் பதில் இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அன்று அந்த முற்றத்தில் அமர்ந்திருந்த நாம்.

அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்களைப் போல் அருகருகே இருப்போம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விரல்களைக் காட்டி நன்மாராயம் கூறினார்கள். அநாதையின் தலையைத் தடவுவதும், பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பதும் நல்லவையே. அவனுடைய பங்கை அவன் வளரும்வரை குறைவின்றிக் காத்து, சாட்சிகளோடு கையில் ஒப்படைப்பதே பொறுப்பேற்றலின் முழுமை.

யா அல்லாஹ்! எங்கள் கைகளை அநாதைகளின் பொருளிலிருந்து காத்தருள்வாயாக. பேச இயலாதோருக்காக நீதியோடு பேசும் நாவுகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக. தந்தையரை இழந்த பிள்ளைகளுக்கு விவேகத்தையும் பரக்கத்தையும் வழங்குவாயாக. ஆமீன்.